வரைபடத்தில் நம் தோட்டம் என்ன நிறம்?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கம், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது தோட்ட வேலையை மேற்பார்த்துக் கணக்கு எழுதுபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். பருவநிலை மாறுவதால் எந்த ஊர் விவசாயம் எவ்வளவு அடிபடும் என்று கணக்குப் பார்த்து வரைபடம் போடுகிறார்களே, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வானொலியில் வரைபடத்தை எப்படிக் காட்டுவது? சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் பரவாயில்லை. அது தெரிந்தால் போதும்.

நிறத்தை முடிவு செய்யப் பெரும்பாலும் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2001 அறிக்கையில் சொன்னவைதான். வெயிலும் மழையும் அந்த இடத்தை எவ்வளவு தாக்குகின்றன? தாக்கினால் பயிர் எவ்வளவு துவளும்? துவண்ட பிறகு எழுந்து நிற்க அங்குள்ள மக்களிடம் என்ன இருக்கிறது? மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுச் சேர்த்து, மாவட்டத்துக்கு ஒரு நிறம் பூசிவிடுகிறார்கள்.

முதல் கேள்வியிலேயே எனக்கு ஒரு சண்டை உண்டு. செம்பனைக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை வேண்டும். அதைவிட முக்கியம், எந்த மாதமும் 100 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. தோட்ட ஆபீஸ் வாசலில் மழைமானி இருக்கும், தினமும் காலையில் அளந்து புத்தகத்தில் எழுதுவோம். ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்தப் புத்தகத்தில் ஆண்டு மொத்தத்தை மட்டும் குறித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? இரண்டு மாதம் காய்ந்து, டிசம்பரில் வெள்ளமாகக் கொட்டினாலும் மொத்தம் 2,000-ஐத் தாண்டிவிடும். பேப்பரில் நல்ல வருஷம்!

இரண்டாவது கேள்வியில்தான் மரம் நம்மை ஏமாற்றும். ஒரு முறை குலை திடீரென்று குறைந்துவிட்டது. மேலதிகாரி என்னைத் திட்ட, நான் வெட்டுக்காரர்களைத் திட்டினேன். குலையை மரத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்கள் என்று சந்தேகம். பெரியவர் ஒருவர் நிரைக்குள்ளே அழைத்துப்போய், அரிவாளால் மட்டையை விலக்கிக் காட்டினார். "பாருங்க கிராணி ஐயா, எல்லாம் ஆண் பூ. திட்டுறதா இருந்தா மரத்தைத் திட்டுங்க" என்றார். அந்த மரம், அடுத்த மரம், அதற்கடுத்த மரம், எல்லாவற்றிலும் ஆண் பூதான். ஆண் பூ குலையாகாது, உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் மழைக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியானால் ஏன்? பூ ஆணா பெண்ணா என்பதை மரம் குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே, குருத்துக்குள்ளேயே முடிவு செய்துவிடுகிறது. அந்த நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் ஆண் பூ பெருகும். புத்தகத்தைப் புரட்டினேன். பழைய வறட்சி அங்கே இருந்தது.

திரும்பவும் சொல்கிறேன், இப்போதுதான் வானொலியைத் திறந்தவர்களுக்காக: இன்றைய குலையில் இருப்பது இன்றைய மழை அல்ல. இந்த ஆண்டு மழையையும் இந்த ஆண்டு விளைச்சலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடிபட்ட தோட்டமும் பச்சையாகத்தான் தெரியும். 2015-இல் மலேசியாவின் பாமாயில் உற்பத்தி கிட்டத்தட்ட 2 கோடி டன். பசிபிக் கடல் சூடாவதால் வரும் எல் நீன்யோவின் வறட்சிக்குப் பின் 2016-இல் அது 1 கோடி 73 லட்சம் டன்னாக இறங்கியது. வறட்சி ஆண் பூவைப் பெருக்குவதோடு நிற்காது, இளம்பூவையும் கருக வைக்கும். அதனால் அடி ஒரே தவணையில் வராது.

அதிக மழையும் கெடுதல்தான். நம் குளுவாங்குக்கு இதில் ஒரு பெருமை உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. கேமரூனிலிருந்து கொண்டுவந்த மகரந்த வண்டை 1981-இல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில்தான் முதலில் விட்டார்கள். அதுவரை பூவுக்குப் பூ கையால் மகரந்தத் தூள் போட்டது ஆட்கள்தான். விடாமல் மழை அடித்தால் அந்த வண்டு சரியாக வேலை செய்யாது, குலையில் பழம் பிடிப்பது குறையும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் மிச்சமாம். சரி, மூன்றாவது கேள்வி: எழுந்து நிற்க மக்களிடம் என்ன இருக்கிறது? நிறைய எழுதி வந்தேன். சுருக்கிவிடுகிறேன்.

மாவட்டத்துக்கு ஒரே நிறம் என்பது போதாது. பாலோ, காஹாங், ரெங்கம் எல்லாம் ஒரே குளுவாங் மாவட்டம்தான். மேட்டு நிலமும் 2006 டிசம்பர் வெள்ளம் புகுந்த பள்ளமும் ஒன்றாகுமா? அப்புறம், பெரிய நிறுவனம் வடிகால் வெட்டிக்கொள்ளும். பத்து ஏக்கர் வைத்திருப்பவர் மரத்தை மாற்றினால் முதல் குலைக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். டன் கணக்கில் கூலி வாங்கும் வெட்டுக்காரருக்கு, குலை இல்லாத மாதம் கூலி இல்லாத மாதம். இவர்களுக்கு மதிப்பெண் பட்டியலில் எத்தனை மார்க்? வரைபடத்தோடு யாராவது உங்கள் ஊருக்கு வந்தால், இதைக் கேளுங்கள். எத்தனை வருஷத்து மழையைப் பார்த்தீர்கள், மாதக் கணக்கா ஆண்டுக் கணக்கா என்றும் கேளுங்கள்.

கெடா நெல்வயலைப் பற்றிய இரண்டு பக்கம் கையிலேயே இருக்கிறது. இன்னொரு நாள் கூப்பிட்டால் படிக்கிறேன். வணக்கம்.