கொரியாவும் ஜப்பானும் ஏன் இன்னும் ஒட்டவில்லை? ஒரு கேள்விக்குப் பதில்

வணக்கம். ஜப்பான், தென் கொரியா, அமெரிக்கா மூன்றும் செய்துகொண்ட பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றிப் போன வாரம் பேசியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். கேட்டிருப்பவர் ஶ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன்: “எங்கள் கம்பெனிக்குக் கொரியாக்காரர்களும் வருகிறார்கள், ஜப்பான்காரர்களும் வருகிறார்கள். வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது. இரண்டு நாட்டிலும் அமெரிக்கப் படை இருக்கிறது, இரண்டுக்கும் வட கொரியா என்றால் பயம். அப்புறம் ஏன் அவர்களுக்குள் நேரடியாக ஒரு ராணுவக் கூட்டணி இல்லை? ஜெர்மனியும் பிரான்சும் சேரவில்லையா? எண்பது வருஷம் ஆகிவிட்டது. பழசைக் கிளறிக்கொண்டே இருந்தால் எப்படி?”

தம்பி, கடைசி வரியைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிளறுகிறார்கள் என்று சொல்லும் முன்பு, அந்தப் புண்ணுக்கு யாராவது மருந்து போட்டார்களா, மேலே துணியை மட்டும் சுற்றினார்களா என்று பார்க்க வேண்டும்.

1951 செப்டம்பர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானுடன் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. அதே நாளில், அதே ஊரில், ஜப்பானும் அமெரிக்காவும் பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டன. அப்போது கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவுக்கு ஜப்பானில் ராணுவத் தளம் அவசரமாகத் தேவைப்பட்டது. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் காலனியாக இருந்த கொரியாவை அந்த மாநாட்டுக்குக் கூப்பிடவே இல்லை. சீனாவையும் கூப்பிடவில்லை. அடிபட்டவனைக் கூப்பிடாமலே பஞ்சாயத்து முடிந்துவிட்டது. போர்க்கால ஜப்பானியப் பிரதமர் டோஜோவின் அமைச்சரவையில் இருந்த கிஷி நொபுசுகே, போர்க்குற்றச் சந்தேகத்தில் சிறையில் வைக்கப்பட்டவர். விசாரணை இல்லாமலே வெளியே வந்து 1957-ல் பிரதமரானார். 1960-ல் அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததும் அவர்தான். கம்யூனிசத்தை எதிர்க்க ஆள் வேண்டும் என்ற அவசரத்தில் பழைய கணக்கெல்லாம் ஓரமாகப் போனது.

சரி, கொரியாவுக்கு எப்போது முறை வந்தது? 1965-ல். அப்போது அங்கே ஆட்சி ராணுவத்திலிருந்து வந்த பார்க் சுங் ஹீயிடம் இருந்தது. இளவயதில் ஜப்பானின் பிடியில் இருந்த மஞ்சூரியாவின் படையில் அதிகாரியாக இருந்தவர் அவர். ஜப்பானுடன் உறவு வேண்டாம் என்று 1964-ல் சியோலில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர் ராணுவச் சட்டம் போட்டு அடக்கினார். அடுத்த வருஷம் ஜப்பானுடன் உறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜப்பான் தந்தது 30 கோடி டாலர் மானியம், 20 கோடி டாலர் கடன். சொத்து, இழப்பீடு தொடர்பான கோரிக்கைகள் எல்லாம் முழுமையாகத் தீர்ந்துவிட்டன என்று அதில் எழுதினார்கள். அந்தப் பணத்தில் போஹாங் உருக்காலை வந்தது, சியோலிலிருந்து புசானுக்கு நெடுஞ்சாலை வந்தது. நாடு வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானியச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இழுத்துச் செல்லப்பட்ட ஆளுக்கு என்ன வந்தது? இறந்தவர்கள் சிலரின் குடும்பத்துக்கு எழுபதுகளில் ஒரு சிறு தொகை. ஜப்பானியச் சிப்பாய்களின் பாலியல் இச்சைக்காக ராணுவ விடுதிகளில் அடைக்கப்பட்ட பெண்களைப் பற்றி அந்தப் பேச்சுவார்த்தையில் பேச்சே எழவில்லை.

அந்தப் பெண்கள் வாய் திறக்க 1991 ஆகிவிட்டது. அந்த ஆகஸ்டில் கிம் ஹாக் சூன் என்ற மூதாட்டி, கொரியாவில் முதல் ஆளாக, தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல், தனக்கு நடந்ததைச் சொன்னார். அடுத்த ஜனவரியிலிருந்து புதன்கிழமைதோறும் சியோலில் ஜப்பான் தூதரகத்துக்கு முன்னால் போராட்டம். 1000-வது புதன்கிழமை 2011 டிசம்பரில் வந்தது. அன்றைக்கு அங்கே ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். அந்தச் சிலையை உற்றுப் பாருங்கள். சின்னப் பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். காலில் செருப்பு இல்லை. குதிகால் தரையில் படவில்லை, லேசாகத் தூக்கியபடி இருக்கிறது. சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகும் கால் ஊன்றி நிற்க இடம் கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். தரையில் விழும் அவளுடைய நிழல் மட்டும் ஒரு கிழவியின் நிழல். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய் அவள் பக்கத்தில் உட்காரலாம்.

ஜப்பான் ஒன்றுமே சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். 1993-ல் ஜப்பான் அரசின் சார்பில் வந்த கோனோ அறிக்கை அந்த விடுதிகளில் ராணுவத்துக்கு இருந்த பங்கை ஒப்புக்கொண்டது. 1995-ல் பிரதமர் முராயாமா காலனி ஆட்சிக்கு மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்தப் பெண்களுக்காக அமைத்த நிதியில் இழப்பீட்டுப் பணத்தை அரசு தன் கஜானாவிலிருந்து தரவில்லை, பொதுமக்களிடம் நன்கொடை வாங்கித் தந்தது. கொரியாவில் பலர் அதைத் தொட மறுத்தார்கள். நன்கொடை வேறு, செய்த குற்றத்துக்குக் கொடுக்கும் இழப்பீடு வேறு. இது எந்தப் பாட்டிக்கும் தெரியும்.

2015 டிசம்பரில் மறுபடியும் அதே தவறு நடந்தது. இரண்டு அரசுகளும் பேசி, அந்தப் பெண்களுக்கான ஒரு அறக்கட்டளைக்கு ஜப்பான் 100 கோடி யென் தருவதாக முடிவாயிற்று. இந்த முறை அரசுப் பணம்தான், அது முன்னேற்றம். ஆனால் இறுதியானது, திரும்பப் பேச முடியாதது என்றும் ஒரு வார்த்தை சேர்த்தார்கள். அப்போது உயிரோடு இருந்த பெண்கள் 46 பேர். அவர்களைக் கேட்காமலே முடித்துவிட்டார்கள். கொரியாவின் அடுத்த அரசு அந்த அறக்கட்டளையைக் கலைத்தது.

இதற்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்களே, அங்கே வருகிறேன். ராணுவ ரகசியங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் ஒன்று 2012 ஜூனில் கையெழுத்தாக வேண்டியது. மந்திரிசபை அதை ஓசைப்படாமல் நிறைவேற்றியது தெரிந்து கொரியாவில் எதிர்ப்பு கிளம்பியது. கையெழுத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது தள்ளி வைத்தார்கள். 2016-ல்தான் அது முடிந்தது. 2018 அக்டோபரில் கொரிய உச்ச நீதிமன்றம், கட்டாய வேலை வாங்கிய ஜப்பானிய உருக்கு நிறுவனம் நான்கு தொழிலாளர்களுக்குத் தலா 10 கோடி வோன் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைக் கேட்க அந்த நால்வரில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார், வயது 94. 1965-லேயே எல்லாம் தீர்ந்துவிட்டது என்றது ஜப்பான். 2019 ஜூலையில் சிப் தயாரிக்கத் தேவையான மூன்று பொருள்களைக் கொரியாவுக்கு ஏற்றுமதி செய்வதை இறுக்கியது. கொரியாவில் ஜப்பானியப் பொருள்களைப் புறக்கணித்தார்கள். ஆகஸ்டில் அந்த ரகசியப் பகிர்வு ஒப்பந்தத்தையே முறிப்பதாக அரசு அறிவித்தது. நவம்பரில், ஒப்பந்தம் காலாவதியாகச் சில மணி நேரம் இருக்கும்போது அந்த முறிவை நிறுத்தி வைத்தது. வட கொரிய ஏவுகணை பறந்தால் இரண்டு நாடும் உடனே பேசிக்கொள்ள வேண்டிய ஒப்பந்தம், தம்பி. எழுபது வருஷத்துக்கு முன் ஒரு ஆலையில் கொடுக்காமல் விட்ட கூலி அதை அறுக்கப் பார்த்தது.

2023-ல் கொரிய அரசே, கொரியக் கம்பெனிகளின் பணத்தில் அந்த இழப்பீட்டைக் கொடுக்கத் திட்டம் போட்டது. ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் மூன்று நாட்டுத் தலைவர்களும் கூடினார்கள். அங்கே ஒப்புக்கொண்டதும் ஆபத்து வந்தால் கலந்து பேசுவோம் என்பதுதான். உன்னை அடித்தால் நான் வருவேன் என்ற உறுதி அதில் இல்லை.

ஜெர்மனி கதையும் நாம் நினைக்கிற அளவுக்குச் சுத்தமானது அல்ல. மேற்கு ஜெர்மனி 1955-லேயே நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்துவிட்டது. அந்த நாட்டின் தலைவர் வில்லி பிராண்ட் போலந்தின் வார்சாவில், கொல்லப்பட்டவர்களின் நினைவிடத்தில் மண்டியிட்டது 1970-ல். கட்டாய வேலை வாங்கியதற்கான பெரிய நிதி 2000-ல்தான் வந்தது, 1000 கோடி மார்க். அங்கேயும் கூட்டணிதான் முந்தியது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த நிதியில் பாதி அரசுடையது, பாதி கம்பெனிகளுடையது. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களின் கைக்கே பணம் போய்ச் சேர்ந்தது. 1965-ல் கொரியாவில் பணம் நாட்டுக்குப் போனது, ஆளுக்குப் போகவில்லை.

கொரியாவையும் இதே தராசில் வைக்கத்தான் வேண்டும். வியட்நாம் போருக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியச் சிப்பாய்கள் போனார்கள், அதுவும் அமெரிக்கக் கூட்டணிக்காகத்தான். 1968 பிப்ரவரியில் அங்கே ஃபோங் நி கிராமத்தில் கொரியப் படையின் கையில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் தப்பிய பெண் ஒருவருக்குக் கொரிய அரசு இழப்பீடு தர வேண்டும் என்று 2023-ல் சியோல் நீதிமன்றம் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்தது.

இதையெல்லாம் அடுத்த வீட்டுச் சண்டை மாதிரிக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. என் தாத்தாவின் அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து பேராக்கில் ரப்பர் தோட்டத்துக்குப் பால் மரம் வெட்டப் போனவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு, மூன்று மாத வேலை என்று சொல்லி அவரையும் சயாம் ரயிலுக்குக் கூட்டிப் போனார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. 1943 மழைக்காலத்தில் காலராவும் பட்டினியுமாக முகாம் முகாமாகச் செத்தார்கள். போர்க்கைதிகளில் இறந்தவர்கள் சுமார் 12,000 பேர். ஆசியக் கூலிகளில் இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது கணக்கு, அதில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். அந்தப் பாதை போன தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு நான் போயிருக்கிறேன். போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, வெட்டிய புல்லோடு இருக்கின்றன. கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. நம் ஆட்களின் பெயர் ஒன்றாவது கண்ணில் படுமா என்று அரை நாள் அங்கேயே சுற்றினேன். கிடைக்கவில்லை.

1952-ல் ஜப்பானுடன் தனியாகச் சமாதான ஒப்பந்தம் செய்தபோது இந்தியா இழப்பீட்டை விட்டுக்கொடுத்தது. 1967-ல் மலேசியாவுக்கு உடன்பாட்டின்படி கிடைத்தது இரண்டு சரக்குக் கப்பல். தோட்டத்துக் குடும்பங்களை யாரும் வந்து கேட்கவில்லை. 2017-ல் மலபார் கூட்டுக் கடற்பயிற்சிக்காக ஜப்பானின் இஸுமோ போர்க்கப்பல் நம் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து நின்றது. 1937-ல் ஷாங்காய் சண்டையின்போது அங்கே நின்ற ஜப்பானியத் தலைமைக் கப்பலின் பெயரும் இஸுமோதான். அந்தப் பெயரைக் கேட்டால் சீனாக்காரருக்கு நெஞ்சில் ஏதோ புரளும். நமக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜப்பானோடு நாம் சுமுகமாக இருப்பது நல்லதுதான், இந்தக் கடலில் அது தேவையும்கூட. ஆனால் நாம் கணக்குப் பார்த்து மன்னித்ததால் வந்த சுமுகம் இல்லை அது. நம் ஆட்கள் செத்தது நமக்கே தெரியாது, அவ்வளவுதான்.

அந்தப் பெரிய தாத்தா எந்தத் தேதியில் இறந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தேதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை. என் தாத்தா கடைசிவரை அன்றைக்குத்தான் அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார்.