அல்லாஹ் முன்பே அறிந்திருக்கும்போது மனிதன் எப்படிப் பொறுப்பாவான்?

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. கேள்விப் பெட்டியில் வந்திருக்கும் இந்தச் சீட்டை ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "நடக்கப்போகும் அனைத்தையும் அல்லாஹ் முன்பே அறிந்து, லவ்ஹுல் மஹ்ஃபூள் எனும் பாதுகாக்கப்பட்ட ஏட்டில் எழுதியும் வைத்துவிட்டான் என்றால், மனிதன் செய்யும் பாவத்துக்கு அவனை ஏன் தண்டிக்க வேண்டும்? என் தம்பி தொழுவதில்லை. கேட்டால், எனக்கு எழுதியது அவ்வளவுதான் என்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?"

சகோதரி, இந்தச் சந்தேகம் உங்களுக்கு முன்பே நபித்தோழர்களுக்கும் வந்திருக்கிறது. மதீனாவின் பகீஉல் கர்கத் மையவாடியில் ஒரு ஜனாஸாவுக்காக எல்லோரும் கூடியிருந்தபோது நடந்ததை அலி (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் அது பதிவாகியிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வந்து அமர்ந்தார்கள். தோழர்களும் சுற்றி அமர்ந்தார்கள். நபியவர்கள் தலையைக் குனிந்து, கையிலிருந்த சிறு குச்சியால் தரையைக் கீறியபடியே, சொர்க்கத்திலோ நரகத்திலோ தமக்குரிய இடம் எழுதப்படாதவர் உங்களில் எவரும் இல்லை என்று சொன்னார்கள். அப்படியானால் எழுதப்பட்டதையே நம்பியிருந்துவிட்டு நாங்கள் அமல் (நற்செயல்) செய்வதை விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. செயல்படுங்கள், ஒவ்வொருவருக்கும் அவர் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது எளிதாக்கப்படும் என்று கூறி, குர்ஆனின் 92ஆம் அத்தியாயத்தின் வசனங்களை ஓதினார்கள். கொடுத்து, இறைவனை அஞ்சி, நல்லதை உண்மை என ஏற்றவருக்கு எளிய வழியை எளிதாக்குவோம் என்றும், கஞ்சத்தனம் செய்து, தமக்குத் தேவையே இல்லை என்று இருந்து, நல்லதைப் பொய்யாக்கியவருக்குக் கடினமான வழியை எளிதாக்குவோம் என்றும் அவ்வசனங்கள் சொல்கின்றன. மனிதன் கொடுப்பதும் மறுப்பதும் முதலில் வருகின்றன, எளிதாக்கப்படுவது அதற்குப் பின்னரே வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி, அறிவதற்கும் கட்டாயப்படுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். எந்த மாணவன் தேர்வில் தோற்பான் என்பது ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் அவர்தான் அவனைத் தோற்கடித்தார் என்று ஆகாது என்று ஓர் உதாரணம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. ஆசிரியரின் கணிப்பு தவறலாம். அல்லாஹ்வின் அறிவு ஒருபோதும் தவறாது. தவறவே முடியாத அறிவு இருக்கும்போது எனக்கு வேறு வழி ஏது என்பதுதானே கேட்பவரின் உண்மையான சிக்கல்?

ஆகவே இந்தச் சீட்டையே பாருங்கள். நீல மையில் எழுதியிருக்கிறார். "எப்படித் தண்டிக்க" என்று முதலில் எழுதி, "எப்படி" என்பதை அடித்துவிட்டு, அதன் மேலே "ஏன்" என்று திருத்தியிருக்கிறார். அவர் "ஏன்" என்று எழுதினார் என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரியும். இனி அது மாறவே முடியாது. ஆனால் மாற முடியாத இந்த அறிவு அவருடைய கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தவர் அவர்தான். அவர் தேர்ந்தது எதுவோ அதைத்தான் நான் அறிந்திருக்கிறேன். நடந்து முடிந்ததை மட்டுமே நாம் இவ்வளவு உறுதியாக அறிய முடியும். அல்லாஹ்வுக்கோ நடந்ததும் நடக்கவிருப்பதும் ஒன்றுபோல் தெளிவானவை. நீங்கள் எதைத் தேர்வீர்கள் என்பதோடு, அதை நீங்களாகவே விரும்பித் தேர்வீர்கள் என்பதையும் சேர்த்தே அவன் அறிகிறான்.

நம் பேச்சில் புழங்கும் தலையெழுத்து என்ற சொல் இங்கே நம்மைக் குழப்பிவிடுகிறது என்றே நினைக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும், நம்மைக் கேளாமல் யாரோ தீர்ப்பு எழுதி நெற்றியில் ஒட்டிவிட்டதுபோலத் தோன்றுகிறது. நாம் நம்பும் கத்ர், அதாவது விதி, என்பது அல்லாஹ்வின் முழுமையான அறிவையும், அந்த அறிவின் பதிவையும், அவனுடைய நாட்டத்தையும், படைப்பாற்றலையும் நம்புவதாகும். விரும்பியவர் நம்பட்டும், விரும்பியவர் மறுக்கட்டும் என்று குர்ஆனின் 18:29 வசனம் சொல்கிறது. அல்லாஹ் நாடினாலன்றி நீங்கள் நாட மாட்டீர்கள் என்று 81:29 சொல்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டவர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள். மனிதன் காற்றில் ஆடும் இலையைப் போன்றவன் என்ற முடிவுக்கு ஜப்ரிய்யாக்கள் எனும் பிரிவினர் போனார்கள். விதியே இல்லை என்று பஸராவில் மஅபத் அல்ஜுஹனீ பேசினார். இரண்டு வசனங்களையும் நாம் நம்புகிறோம். அவனுடைய நாட்டத்துக்குள் என் நாட்டம் எவ்விதம் இயங்குகிறது என்பதன் முழு நுட்பத்தை மனித அறிவு அளந்துவிட முடியாது. ஆனால் வலிப்பில் உதறும் கைக்கும், ஒருவரை அடிக்க ஓங்கும் கைக்கும் உள்ள வேறுபாடு நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். விசாரணை இரண்டாவது கைக்குத்தான்.

உங்கள் தம்பிக்குரிய பதில் 6:148இல் இருக்கிறது. அல்லாஹ் நாடியிருந்தால் நாங்கள் இணைவைத்திருக்க மாட்டோம் என்று இணைவைப்போர் கூறுவதைச் சொல்லிவிட்டு, இதைப் பற்றிய அறிவு ஏதேனும் உங்களிடம் உண்டா, இருந்தால் எங்களுக்கு வெளிப்படுத்துங்கள் என்று அவ்வசனம் கேட்கிறது. அதையே அவரிடம் கேளுங்கள். தொழாதவன் என்று தன் பெயர் எழுதப்பட்டிருப்பதை அவர் எங்கே படித்தார்? அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரிந்த ஏட்டைத் தான் படித்துவிட்டவர்போல அவர் பேசுகிறார். நாளை காலை எழுந்து தொழுதால், அதுவும் எழுதப்பட்டதாகவே இருக்கும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் (சிரியா பகுதி) நோக்கிச் சென்றபோது, ஸர்கு என்ற இடத்தில், ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. மக்காவிலிருந்து குடிபெயர்ந்த முஹாஜிர்களிடமும், மதீனாவாசிகளான அன்ஸாரிகளிடமும் கலந்தாலோசித்தார்கள். இரு சாராரிடையேயும் கருத்து வேறுபாடு எழுந்தது. பிறகு குறைஷி மூத்தவர்களின் ஆலோசனைப்படி திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே செல்கிறோம் என்று உமர் (ரலி) பதில் சொல்லிவிட்டு, ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் செழிப்பாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், நீங்கள் உங்கள் ஒட்டகங்களை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று திருப்பிக் கேட்டார்கள். உங்கள் தம்பியைவிட விதியை ஆழமாக நம்பிய ஒருவர், அந்த நம்பிக்கையோடுதான் பயணத்தின் திசையை மாற்றினார்.

அதனால் சகோதரி, சுபுஹுக்கு அவரை எழுப்புவதை நிறுத்திவிடாதீர்கள். அவர் திருந்துவது எழுதப்பட்டிருந்தால், ஒரு விடியற்காலையில் நீங்கள் கதவைத் தட்டியதும் அதோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கும்.