திரைக்கு அந்தப் பக்கம் ஒரு வேட்பாளர்

நேயர்களுக்கு வணக்கம். நான் கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவள். அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பன்னிரண்டு வருஷம் டயாலிசிஸ் வார்டில், அதாவது சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வார்டில், இருந்தேன். தேர்தல் வரும்போதெல்லாம் அந்த வார்டில் நான் பார்த்த ஒரு விஷயம் நினைவுக்கு வரும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2011 அக்டோபரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பிரச்சாரம் சூடாக நடந்துகொண்டிருந்த நாட்களில், ஐம்பது வயது இருக்கும், ஒருவர் எங்கள் வார்டுக்கு வர ஆரம்பித்தார். எப்போதும் கடைசி ஷிப்டுதான் கேட்பார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வருவார். கட்டிலில் படுத்ததும் திரையை இழுத்துவிடச் சொல்வார். மூன்றாவது தடவை வந்தபோது, "சிஸ்டர், நான் கவுன்சிலருக்கு நிக்கிறேன். இங்க வர்றது வெளிய தெரிஞ்சா ஓட்டு போயிடும்" என்றார்.

"யார் விஷயமும் எங்ககிட்ட இருந்து வெளிய போகாதுங்க. நீங்க கேக்கணும்னே இல்ல" என்றேன். இன்றைக்கும் அவருடைய ஊரையோ கட்சியையோ சொல்ல மாட்டேன்.

அதே ஷிப்டில், இரண்டு கட்டில் தள்ளி, மீன் விற்கும் ஓர் அம்மா. அவருக்கும் அதே வார்டு, அதாவது அந்த வேட்பாளர் நின்ற வார்டு. டயாலிசிஸ் நாலு மணி நேரம் ஓடும். படுத்திருப்பவர்கள் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள். அந்த அம்மா சொல்வார்: "எங்க தெருக் குழாயில தண்ணி வந்து எட்டு நாள் ஆச்சு. இப்ப நிக்கிறாரே, அவரு ஓடியாடி வேலை செய்வாருன்னு சொல்றாங்க. எங்க தெருவே அவருக்குத்தான்." திரைக்கு அந்தப் பக்கம் அவர் சத்தமில்லாமல் படுத்திருப்பார். நான் இரண்டு பேருடைய மெஷினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் ஜெயித்தார். இரண்டு மாதம் ஓரளவு வேலையும் செய்தார். குழாயில் தண்ணீர் வந்தது என்று அந்த அம்மாவே சந்தோஷமாகச் சொன்னார். அப்புறம் டிசம்பர் 30, தானே புயல். கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் அந்த விடியற்காலையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. முந்திரித் தோப்பும் பலா மரமும் வேரோடு சாய்ந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்கள் எத்தனையோ. எங்கள் வார்டு ஜெனரேட்டரில் ஓடியது. அந்தக் கவுன்சிலர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். உடம்பில் நீர் ஏறி நுரையீரல் வரைக்கும் போயிருந்தது. அட்மிட் ஆனார்.

கவுன்சிலர் வேண்டியிருந்த நேரம் என்றால் அதுதான். யார் வீடு கூரை போனது, யாருக்கு நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனது, தார்ப்பாய் எங்கே கிடைக்கும் என்று ஜனங்கள் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். வீட்டில் "மெட்ராஸ் போயிருக்காரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் கூரையும் போய்விட்டது. "ஓட்டு கேக்க வந்தப்ப வாசல்ல நின்னு கும்பிட்டாரு. இப்ப ஆளையே காணோம்" என்று என்னிடம் அழுதார். அவர் கையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஆள் மாடியில் ஆக்ஸிஜனோடு படுத்திருப்பது தெரியும். வாய் திறக்க முடியாது. அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை.

அவருக்கு நோய் வந்தது குற்றமில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்கு வருபவள் நான்தான். வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் இருப்பவர் மற்ற நாட்களில் கடை நடத்துவதையும் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். அவர் செய்த தப்பு, சொல்லாமல் விட்டது. "எனக்கு இந்த மாதிரி உடம்பு. இந்த இந்த நாள் நான் இருக்க மாட்டேன். அன்னைக்கு என் தம்பியைப் பாருங்க, அவன் எனக்குச் சொல்லுவான், வேலை நடக்கும்" என்று அவர் சொல்லியிருந்தால் ஓட்டு போயிருக்குமா?

போயிருக்காது என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. 1984இல் நான் முதல் முறையாக ஓட்டுப் போட்டேன். அப்போது 21 வயது ஆனால்தான் ஓட்டு. அந்த அக்டோபரில் எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் சேர்ந்தார். சிறுநீரகம் செயலிழந்து, பக்கவாதமும் வந்து, நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 24 ஓட்டுப்பதிவு. ஆண்டிப்பட்டியில் நின்ற வேட்பாளர் நியூயார்க்கில், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். ஒரு கூட்டத்துக்குக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் இருக்கும் வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து, "வீட்டுல ஒருத்தருக்கு முடியலேன்னா விட்டுடுவமா?" என்று கேட்டு, காலையில் முதல் ஆளாக வரிசையில் நின்றார். எம்.ஜி.ஆர். ஜெயித்தார், கட்சிக்கு 132 இடம் வந்தது. அதற்கு முன்னால் 1967இலும் அப்படித்தான்: ஜனவரியில் அவர்மேல் துப்பாக்கிச் சூடு, கழுத்தில் கட்டோடு போஸ்டர், பரங்கிமலையில் வெற்றி.

ஆக, உடம்பு முடியாதவரை நம் ஜனங்கள் தள்ளிவைப்பதில்லை. இன்னும் கொஞ்சம் அதிகமாகவே அணைத்துக்கொள்வார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்த ஈரம் எனக்குப் பிடிக்கும். ஆனால் 1984ஐ நினைத்தால் என் மனதில் இன்னொரு முகமும் வந்து நிற்கும். என் பெரியப்பா. அதே வருஷம் அவருக்குக் கால் வீங்கி, முகம் ஊதி, "நீர் கோத்துக்கிச்சு" என்று கை வைத்தியம் பார்த்தார்கள். செவிலியர் படிப்பில் இருந்த எனக்கு அது சிறுநீரகம் என்று தெரிந்தது. அப்போது எங்கள் ஊர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பக்கத்தில் எங்கேயும் டயாலிசிஸ் மெஷினை நான் கண்ணால் பார்த்ததில்லை. தைப் பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில் பெரியப்பா போய்விட்டார். தலைவர் குணமாகிப் பிப்ரவரியில் ஊர் திரும்பினார். தலைவரின் சிறுநீரகத்துக்காகக் கோயிலில் மண்சோறு சாப்பிட்ட எங்கள் தெருவில் ஒருவர்கூட, "நம்ம ஆஸ்பத்திரியில அந்த மெஷின் ஏன் இல்ல?" என்று எந்தக் கட்சிக்காரரையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அப்போது தோன்றவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார்கள். வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் நமக்குக் கிடைத்த உரிமை அது. உடல்நிலைக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. மனநிலை சரியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தவர் நிற்க முடியாது என்று அரசியல் சாசனத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். நான் செவிலியர் வேலையில் சேரும்போது உடல் தகுதிச் சான்றிதழ் கொடுத்துத்தான் சேர்ந்தேன். அதனால் "வேட்பாளரிடமும் சான்றிதழ் கேட்டால் என்ன சிஸ்டர்?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு அதில் சம்மதமில்லை. ஒடிசாவில் தொழுநோய் உள்ளவர் நகராட்சிப் பதவியில் இருக்கக் கூடாது என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் பதவி அதனால் போய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 2008இல் சட்டம் செல்லும் என்றுதான் தீர்ப்பு. மருந்து கொடுத்தால் குணமாகிற நோய் அது! அந்தச் சட்டத்தைப் பிற்பாடுதான் மாற்றினார்கள். சான்றிதழ் என்று ஒன்று வந்துவிட்டால், காசநோயிலிருந்து மீண்டவர், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண், சக்கர நாற்காலியில் வருபவர் எல்லோரையும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம், சான்றிதழ் உண்மை பேசும் என்று யார் சொன்னது? புதுச்சேரி நேயர்கள் வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தாத்தா பாட்டிகள் இருப்பார்கள். பிரான்சு அதிபர் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறவர்கள். அவர்களைக் கேட்டால் மித்தரான் கதையைச் சொல்வார்கள். 1981இல் அதிபரான அவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல்நல அறிக்கை வெளியிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வருஷமே அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அறிக்கைகள் தவறாமல் வந்தன, புற்றுநோய் மட்டும் அவற்றில் வரவில்லை. 1988இல் மறுபடியும் ஜெயித்தார். 1992இல் அறுவை சிகிச்சை நடந்தபோதுதான் நாட்டுக்கு விஷயம் தெரிந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் அது.

உண்மையைச் சொல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். 2016இல் முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த 75 நாளும் நாம் பார்த்ததுதானே. வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கதை. இப்போதெல்லாம் தேர்தல் வந்தால் யாரோ ஒருவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நேயர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அது உண்மையாக இருந்தால் திருட்டு, பொய்யாக இருந்தால் அவதூறு. ஒரு மனிதரின் கிரியேட்டினின் அளவு, அதாவது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண், அவர் வேலை செய்வாரா மாட்டாரா என்பதை நமக்குச் சொல்லாது.

சொல்லக்கூடியது வேறு. அதை டயாலிசிஸ் வார்டில் படுத்திருப்பவர்கள் பேசக் கேட்டுத்தான் நான் கற்றுக்கொண்டேன். அவர்களுடைய தேர்தல் பேச்சில் எந்தத் தலைவருக்கு என்ன வியாதி என்பது ஐந்து நிமிஷம் ஓடும். மீதி நேரம் என்ன பேசுவார்கள் தெரியுமா? குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து வருகிறவர், "ஷிப்டு முடிஞ்சு வெளிய வந்தா கடைசி பஸ் போயிடுது, பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலயே படுத்துக்கிறேன்" என்பார். சிப்காட் பக்கத்து ஊர்க்காரர், "எங்க போர்த் தண்ணி மஞ்சளா வருது, குடிக்கலாமா கூடாதான்னு யாராச்சும் சோதிச்சுச் சொல்லட்டும்" என்பார். சர்க்கரை மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டிருந்தால் இந்த மெஷினுக்கே வந்திருக்க மாட்டோம் என்று வருத்தப்படுவார்கள். மாத்திரை வாங்க அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாமல்தான் விட்டிருப்பார்கள். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். ஒரு பஸ், ஒரு தண்ணீர்ச் சோதனை, மாலையில் திறந்திருக்கும் ஒரு மருந்துக் கவுண்டர். இதையெல்லாம் செய்ய வேட்பாளருக்குப் பயில்வான் உடம்பு வேண்டியதில்லை.

ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் நான் கேட்கச் சொல்வது: நீங்கள் எந்தக் கிழமை எங்கே இருப்பீர்கள்? நீங்கள் இல்லாத நாளில் யாரிடம் வர வேண்டும்? உங்கள் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் நம் ஊர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்களா? மூன்றாவதைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

ஒரு சின்ன விஷயம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் 85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடப் படிவம் 12டி கொடுக்கலாம். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்பதற்காக மட்டும் அந்த வசதி கிடையாது. வாக்குப்பதிவு அன்று உங்கள் முறை வந்தால், ஒரு வாரம் முன்பே வார்டு சிஸ்டரிடம் சொல்லி ஷிப்டை மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்தவரை மாற்றிக் கொடுப்பார்கள். ஓட்டுக்காக டயாலிசிஸை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

அந்தக் கவுன்சிலர் பதவிக்காலம் முடியும் முன்பே இறந்துவிட்டார். அதன் பிறகுதான் குடும்பத்தார் விஷயத்தை வெளியே சொன்னார்கள். மீன் விற்கும் அம்மா கேள்விப்பட்டு வார்டுக்கு வந்தவர், அந்தத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கயா படுத்திருந்தாரு? சொல்லியிருந்தா நாங்களே நாலு பேரு கூடப் போயி அவரு வேலையப் பாத்திருப்போமே சிஸ்டர்" என்றார்.

2016 மே 16, திங்கட்கிழமை, சட்டமன்றத் தேர்தல். அன்று அந்த அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். காலையில் சீக்கிரமே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். ஊசி போடுவதற்காக ரத்தக் குழாயை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இடது கையில், மையும் இடது கை விரலில். கையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "யாருக்குப் போட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஓட்டு கேக்க வந்தவங்க எல்லாரையும் நிறுத்தி, நீங்க இல்லேன்னா நாங்க யாருகிட்ட வரணும்னு கேட்டேன். ஒருத்தரு மட்டும் ஒரு பேரும் போன் நம்பரும் எழுதிக் குடுத்தாரு." அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். ஊசி குத்தி, மெஷினை ஓடவிட்ட பிறகு, முடிச்சை அவிழ்த்து என்னிடம் கொடுத்து, "எழுத்து சரியா இருக்கான்னு படிச்சுச் சொல்லு சிஸ்டர்" என்றார். படித்துச் சொன்னேன்.