லயத்துக்குள் ஓர் அருங்காட்சியகம்

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில் தேயிலை மியூசியம் என்றாலே நாம் கண்டிக்குப் பக்கத்திலுள்ள ஹந்தானைக்குத்தான் போகிறோம். பழைய தொழிற்சாலை, பெரிய பெரிய இயந்திரங்கள், 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்கள், எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த இயந்திரத்துக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவள் எங்கே படுத்துத் தூங்கினாள் என்று தெரிய வேண்டுமென்றால் கம்பளைப் பக்கம், ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குப் போங்கள். அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007-இல் தொடங்கியது.

நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டடமே ஒரு பழைய லயம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்க வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். வாசலில் நின்றதுமே அம்மா, "இது நம்ம காம்பரா மாதிரியே இருக்கே" என்றார். உள்ளே ஏனங்கள், வேலைச் சாமான்கள், நகைகள், அப்புறம் தப்பு என்கிற பறை. விடிய முன்னமே பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் எடுக்கும் இடத்துக்கு, ஆட்களை எழுப்ப அடிப்பார்களே, அந்தத் தப்பு. அதன் முன்னால் அம்மா அப்படியே நின்றுவிட்டார். "இந்தச் சத்தம் கேட்டா வயித்தக் கலக்கும்டா, பிந்திப் போனா வெரட்டிருவாங்க, இல்லாட்டி அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்" என்றார். முப்பத்தைந்து வருசமாக அவரோடு இருக்கிறேன், ஒரு நாள்கூட இதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

காகிதங்களையும் நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது, கடன் கணக்கு எழுதிய அந்தத் துண்டுதான் ஆளைக் கட்டிப் போட்டது, 1921-இல்தான் சட்டம் அதை ஒழித்தது. அப்புறம் 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தோட்டத்துச் சனத்திடம் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். பிறப்பையே பதியாத சனத்திடம் கேட்டால் எதைக் காட்டும்? அதனால்தான் கேட்கிறேன், வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளச் சிட்டை, பாஸ்போர்ட், எதையும் அடுப்பில் போடாதீர்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் லயங்கள்தான், எல்லாவற்றிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒன்று அருங்காட்சியகமாகிவிட்டது, மற்றதெல்லாம் இன்னும் வீடு.

சரி, எப்போது போகிறீர்கள்? தனியாகப் போகாதீர்கள், வீட்டில் கொழுந்தெடுத்த கை ஒன்று இருக்கும், அம்மாவோ அப்பாயியோ, அவர்களைக் கூட்டிப் போங்கள். உள்ளே போனதும் நீங்கள் பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள்.