உடைந்த பிரெஞ்சா, ஒரு தனி மொழியா?

நண்பர்களே, வணக்கம். கொத்தமல்லியிலிருந்து தொடங்குகிறேன். மொரீஷியஸ் சந்தையில் 'கொத்தொமிலி' என்று கேட்டால் கொத்தமல்லிக்கட்டு கிடைக்கும். முருங்கைக் கீரைக்கு 'ப்ரெத் மூரூம்' என்று பெயர். பீர்க்கங்காய் அங்கே 'பிப்பங்காய்'. கேட்பவரும் கொடுப்பவரும் தமிழ் தெரியாதவர்களாக இருக்கலாம். அவர்கள் பேசுவது கிரியோல், பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு அந்தத் தீவில் உருவான மொழி. அதை 'உடைந்த பிரெஞ்சு' என்று கேலி செய்பவர்கள் உண்டு.

1715இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தீவைப் பிடித்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். நம் புதுச்சேரியிலிருந்தும் கைவினைஞர்கள் போனார்கள். ஆளுக்கொரு மொழி. முதலாளியின் பிரெஞ்சு காதில் விழும், பள்ளிக்கூடம் கிடையாது. அந்த நெருக்கடியில்தான் இந்த மொழி பிறந்தது. 1810இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1834க்குப் பிறகு சுமார் நாலரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கினார்கள். அவர்களும் கரும்புத் தோட்டத்தில் பழகியது கிரியோலைத்தான், ஆட்சியாளரின் ஆங்கிலத்தை அல்ல.

சரி, இது 'உடைந்த பிரெஞ்சு' தானா? நாம் சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய் என்று ஆளுக்கேற்ப வினையை மாற்றுகிறோம். பிரெஞ்சும் மாற்றும். கிரியோல் மாற்றாது. 'மோ மான்ஸே' என்றால் நான் சாப்பிடுகிறேன், 'தோ மான்ஸே' என்றால் நீ சாப்பிடுகிறாய். இலக்கணமே இல்லை என்று இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் காலம் வேறிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'மோ தி மான்ஸே', சாப்பிட்டேன். 'மோ பே மான்ஸே', சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து 'மோ தி பே மான்ஸே' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 'பே தி' என்று மாற்றிப் போட்டால் ஐந்து வயதுக் குழந்தைகூடத் திருத்தும். விதி இல்லாத மொழியில் பிழை எப்படி வரும்?

அப்புறம் வீடு. பிரெஞ்சில் 'லா' என்பது ஆங்கில 'the' போல முன்னால் வரும் சொல். 'லா காஸ்' என்பது கிரியோலில் 'லகாஸ்' என்று ஒரே சொல்லாக ஒட்டிப்போனது. 'அந்த' என்று சுட்ட முன்னால் இடமில்லை. அதனால் பின்னால் புதிதாக ஒரு 'லா'வை வைத்து 'லகாஸ்-லா' என்றார்கள். பழைய 'லா'வை விழுங்கிவிட்டுப் புது 'லா'வைச் செய்துகொண்ட இந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மரியாதைதான் தாமதமாக வந்தது, அதுவும் முழுதாக வரவில்லை. கரீபியன் கடலில் உள்ள ஹைட்டியில் 1804இல் அடிமைகள் பிரெஞ்சுக்காரர்களோடு போராடி விடுதலை பெற்றார்கள். அவர்கள் பேசியதும் பிரெஞ்சிலிருந்து பிறந்த இன்னொரு கிரியோல். அது பிரெஞ்சுக்குச் சமமான ஆட்சிமொழி ஆவதற்கு 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மொரீஷியஸில் பத்தில் ஒன்பது பேர் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள். ஆனால் 1968 அரசமைப்பு நாடாளுமன்றத்துக்கு ஆங்கிலத்தை வைத்தது, பிரெஞ்சிலும் பேசலாம் என்றது. கிரியோலைப் பற்றிப் பேச்சே இல்லை.

2012இல்தான் தொடக்கப் பள்ளிக்குள் கிரியோல் நுழைந்தது, தமிழ், இந்தி, உருது வரிசையில் ஒரு விருப்பப் பாடமாக. தமிழ் வம்சாவளிப் பெற்றோர் ஒருவர், பிள்ளை வீட்டில் பேசும் மொழியைப் படிக்கட்டுமா, கொள்ளுப்பாட்டியின் மொழியைப் படிக்கட்டுமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நானாக இருந்தால் எதை எடுத்திருப்பேன் என்று கேட்காதீர்கள். தமிழ் மேடையில் நின்றுகொண்டு பதில் சொல்லக் கொஞ்சம் பயம்தான்.