உங்களுக்கு வண்டி தெரிகிறது, வண்டிக்கு நீங்கள் தெரிகிறீர்களா?

[திரை இருட்டு. செருப்பில்லாத கால்கள் நடக்கும் ஓசை. வெகு தூரத்தில் ஒற்றை வெளிச்சம்.]

வணக்கம். தை மாதம் விடிகாலை நாலு மணிக்குக் குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஊர் தூங்கிக்கொண்டிருக்கும், சாலை மட்டும் விழித்திருக்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் வெயில் ஏறுவதற்குள் முடிந்த மட்டும் நடந்துவிடலாம் என்று இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகத்தான் பழனிக்குப் போகிறது. அவர்களுக்கு முன்னும் பின்னும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள், பச்சையும் காவியும் கட்டிக்கொண்டு, கூட்டங்கூட்டமாக.

நானும் இரண்டு வருஷம் நடந்திருக்கிறேன். எதிரே வரும் வண்டி எனக்கு ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே தெரியும். எனக்கு அவர் தெரிந்தால் அவருக்கும் நான் தெரிவேன் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாக நடந்தேன். மூன்றாவது வருஷம் அதே சாலையில், அதே நேரத்தில், கார் ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒரு வளைவு திரும்பியதும் வண்டிக்கு முன்னால் திடீரென்று பத்துப் பதினைந்து முதுகுகள். எப்படி நிறுத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

சரி, அந்த 'திடீரென்று' எத்தனை மீட்டர்? அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

[காட்சி: போக்குவரத்து இல்லாத கிளைச் சாலை. இரு பக்கமும் சீமைக் கருவேலம். தரையில் நீள டேப் விரிகிறது.]

கொத்தனார் ஒருவரிடம் இரவல் வாங்கிய 50 மீட்டர் டேப், ஒரு பழைய கார், என் மச்சான். இவ்வளவுதான் ஏற்பாடு. மச்சானைக் கறுப்புச் சட்டை, கருநீலக் கைலியோடு சாலை ஓரமாக நிறுத்தினோம். நான் ஹெட்லைட்டை டிம்மில் வைத்து, நடக்கிற வேகத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். ஆள் தெரிந்த நொடியில் பிரேக். இறங்கி அளந்தோம். 25 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதாவது பெரிய வீடுகளில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரைக்கும் இருக்குமே, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான்.

அடுத்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. டேப் முழுசாகத் தேவைப்பட்டது: 50 மீட்டர்.

மூன்றாவது சுற்றில் அதே கறுப்புச் சட்டைதான். முதுகில் தொங்கிய பையில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு ரேடியம் ஸ்டிக்கர். சாலை முனையில் வண்டியைத் திருப்பியதுமே பளிச்சென்று தெரிந்துவிட்டது. டேப்பை மூன்று முறை போட்டு 150 மீட்டர் வரை அளந்தோம், அதற்கு மேல் அளக்க மச்சானுக்குப் பொறுமையில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மச்சான் அங்கே நிற்கிறார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். அவரைத் தேடிக்கொண்டுதான் வந்தேன். தேடாமல், தூக்கக் கலக்கத்தில், பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிற டிரைவருக்கு இந்தத் தூரமெல்லாம் இன்னும் குறையும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். ரேடியம் ஸ்டிக்கர் என்று சொல்கிறோமே தவிர அதில் ரேடியமும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் கண்ணாடி மணிகளோ பட்டைக் கண்ணாடி மாதிரியான அமைப்போதான் இருக்கிறது. விழுந்த வெளிச்சத்தை அப்படி இப்படிச் சிதறவிடாமல், வந்த வழியே திருப்பி அனுப்பும். ஹெட்லைட்டிலிருந்து போனது ஹெட்லைட்டை நோக்கியே வரும், அதற்குப் பக்கத்தில்தானே டிரைவரின் கண் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கையில் பார்க்கும்போது சாம்பல் கலரில் மங்கலாக இருப்பது, அவருக்கு விளக்கு மாதிரித் தெரிகிறது.

[காட்சி: கரும்பலகை. மூன்று கோடுகள்.]

இப்போது கொஞ்சம் கணக்கு. ஓட்டுபவர் ஆளைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. இது தாராளமாகக் கொடுத்த கணக்கு, ராத்திரியில் ஒன்றரை நொடி கூட ஆகும். அந்த ஒரு நொடியில் வண்டி கொஞ்சமும் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம்தான் பிரேக் பிடிக்கும் தூரம். காய்ந்த சாலை, நல்ல டயர் என்றே வைத்துக்கொள்வோம்.

40 கி.மீ. வேகத்தில் வந்தால் எல்லாம் சேர்த்து 20 மீட்டரில் வண்டி நிற்கும். 60-ல் வந்தால் 37 மீட்டர். 80-ல் 57 மீட்டர்.

இதை மச்சானின் கறுப்புச் சட்டையோடு சேர்த்துப் பாருங்கள். அவர் தெரிவதே 25 மீட்டரில். 40-ல் வந்தவர் அவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் நிறுத்தி, வேண்டுமானால் கண்ணாடியை இறக்கித் திட்டலாம். 60-ல் வந்தவர் பிரேக்கை முழுசாக மிதித்தும் சுமார் 46 கி.மீ. வேகத்தில் மோதுவார். 80-ல் வந்தவரின் வண்டி 77-ல் மோதும். பிரேக் பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கேதான் வந்து நிற்கிறது.

வெள்ளை வேட்டிக்கு வாருங்கள், 50 மீட்டர். 60-ல் வருபவர் நிறுத்திவிடுவார், 80-ல் வருபவரால் முடியாது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மூன்று பேருமே நிறுத்திவிடுவார்கள்.

"தப்பு நடந்தவர் மேலயா, வண்டிக்காரர் மேலயா?" என்று டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். கரும்பலகையில் இருப்பது இரண்டே எண்கள். எத்தனை மீட்டரில் தெரிகிறோம் என்பது நடப்பவர் கையில். எத்தனை மீட்டரில் நிற்கும் என்பது ஓட்டுபவர் கையில். முதல் எண் பெரிதாக இருக்கும் வரை யாருக்கும் ஒன்றும் ஆகாது.

[காட்சி: பகல். சாலை ஓரத்தின் நெருக்கக் காட்சி. தார் முடியும் இடத்தில் ஒரு சாண் பள்ளம், செம்மண், முள்.]

"சாலையை விட்டு இறங்கி நடந்தால் என்ன?" இது காரில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் கேள்வி. பாருங்கள், தார் முடிகிற இடத்தில் ஒரு சாண் பள்ளம். அதற்குக் கீழே செம்மண்ணில் நெருஞ்சியும் கருவேல முள்ளும். மாலை போட்டு வெறுங்காலில் நடப்பவர் அங்கே இறங்குவாரா? அவர் எதில் நடப்பார் தெரியுமா? ஓரத்தில் அடித்திருக்கிறார்களே வெள்ளைக் கோடு, அது மேலேயே. பெயிண்ட் வழவழப்பாக இருக்கும், பத்து மணி வெயிலில் தாரைவிடக் கொஞ்சம் சூடும் குறைவு. நடந்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே டிரைவர் அண்ணன்மார்களே, தை மாதத்தில் அந்த வெள்ளைக் கோட்டின் மேல் ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

நடப்பவர்கள் வலது பக்கமாக நடப்பது நல்லது. எதிரே வரும் வண்டி உங்கள் கண்ணுக்கு நேராக இருக்கும், முதுகில் கண் வேண்டாம். ஆனால் பின்னாலிருந்து யாராவது முந்தினால் அவர் உங்கள் பக்கம்தான் வருவார், அதனால் காதையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இயர்போனில் முருகன் பாட்டு வேண்டாம், வாயால் பாடுங்கள். வளைவில் கருவேலம் மறைக்கிற இடத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போய்விடுங்கள். காவல்துறை வேறு பக்கம் போகச் சொன்னால் அப்படியே செய்யுங்கள், அங்கே போக்குவரத்தைத் திருப்பியிருப்பார்கள்.

ஓட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். எதிர் வண்டிக்காரர் பிரைட் போட்டு வந்தால் நமக்குக் கோபம் வந்து நாமும் பிரைட் போடுகிறோம். இரண்டு வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில் நடப்பவர் காணாமலே போய்விடுவார். அந்த இடத்தில் டிம் அடித்து வேகத்தையும் குறைக்க வேண்டும். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

[காட்சி: காரைக்குடி, செக்காலை ரோடு. மாலை நெரிசல்.]

சாலை இப்படியென்றால் டவுன் வேறு மாதிரி. இங்கே இருட்டு இல்லை, நடக்க இடம்தான் இல்லை. நடைபாதையில் கடைக்காரர் பிளாஸ்டிக் குடத்தை அடுக்கியிருக்கிறார், மிச்சத்தில் நாம் பைக்கை நிறுத்தியிருக்கிறோம். ஆச்சி ஒருவர் பையோடு சாலையில் இறங்கி நடந்தால் "நடுரோட்டில் வருகிறார்" என்கிறோம். செட்டிநாட்டுத் தெருக்களை அந்தக் காலத்தில் நேர் நேராக, அகலமாகப் போட்டு, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக வீடு கட்டினார்கள். அந்த அகலத்தையெல்லாம் தின்றது யார் என்று கேட்டால், பதில் சொல்லும்போது நான் என் பைக்கைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் கதை ஒன்று. தேவகோட்டை பக்கம் ஒரு ஊரில் டவுன் பஸ் நின்றது. நான் பைக்கில் அதை முந்தினேன். பஸ்ஸுக்கு முன்னாலிருந்து கீரைக்கூடையோடு ஒரு ஆச்சி வெளியே வந்தார். முன் சக்கரம் கூடைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"ஆச்சி, பஸ்ஸுக்கு முன்னாடி குறுக்க வரலாமா?" என்றேன், நடுக்கத்தை மறைத்துக்கொண்டு.

"ஏம்ப்பா, அத்தாம் பெரிய பஸ்ஸே ஆள் இறக்க நிக்கிது. நீ நிக்க மாட்டியா?"

பதில் இல்லை என்னிடம். நின்ற பஸ்ஸுக்கு மறுபக்கம் ஆள் வருவார் என்பது ஓட்டுபவர் யோசிக்க வேண்டியது. பஸ் நகர்ந்த பிறகு இரண்டு பக்கமும் பார்த்துக் கடப்பது ஆச்சி செய்ய வேண்டியது. அரை நிமிஷம்தான். ஆனால் இரண்டு பேரில் தவறினால் யாருக்கு எலும்பு முறியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பாதிப் பாதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரும்பை ஓட்டிக்கொண்டு வந்தது நான்தான்.

[காட்சி: எழுத்துகள் மட்டும்.]

சட்டமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஜீப்ரா கிராஸிங்கில் ஆள் இறங்கிவிட்டால் வண்டிதான் வழிவிட வேண்டும். விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது, மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவின்படி, டிரைவரின் கடமை. நஷ்ட ஈட்டு வழக்கில் நடந்தவர் மேலும் கவனக்குறைவு இருந்தால் அந்தப் பங்கைக் கழித்துக்கொள்வதும் உண்டு. உதவிக்கு ஓடி வருபவரைப் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் என்று அலைக்கழிக்கக் கூடாது என்று 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஆகவே பயப்படாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்கிறது.

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்து போனவர்களில் 32,825 பேர் இறந்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில்தான், நடைபாதை என்பது உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. வருஷக்கணக்கில் உடைந்த எலும்பைச் சேர்த்துவைத்தவர், உடையாமல் இருக்க வழி கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்.

[காட்சி: மறுபடியும் அந்தக் கிளைச் சாலை. இருட்டு.]

அளவு முடிந்து டேப்பைச் சுருட்டும்போது மச்சான் கேட்டார்: "பையில ஒட்டினது தெரிஞ்சுது சரி, ஆள்னு தெரிஞ்சுதா?"

நல்ல கேள்வி. உண்மையில் தெரியவில்லை. ஏதோ பளபளத்தது, அவ்வளவுதான். மைல் கல்லாக இருக்கலாம், ஓரத்துக் கம்பமாக இருக்கலாம். கல் என்று நினைத்தால் யாரும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். அதனால் நாலாவது சுற்று. ஸ்டிக்கரை மெல்லிய பட்டையாக வெட்டி, துணிப் பட்டியில் ஒட்டி, மச்சானின் இரண்டு கணுக்காலிலும் கட்டினோம். "நிற்காதீங்க, நடங்க" என்றேன்.

[காட்சி: காருக்குள்ளிருந்து. இருட்டில் இரண்டு புள்ளிகள் மாறி மாறி ஏறி இறங்குகின்றன.]

பாருங்கள். உடம்பு தெரியவில்லை, சட்டை தெரியவில்லை. இரண்டு புள்ளி மட்டும், ஒன்று ஏறினால் ஒன்று இறங்குகிறது. இருந்தும் பார்த்த நொடியில் கண் சொல்லிவிடுகிறது, யாரோ நடந்து போகிறார் என்று. மூட்டுகளில் ஒட்டினால் ஆளை ஆளாகவே அடையாளம் தெரியும் என்று இதை ஆராய்ந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

பைக் ஸ்டிக்கர் கடையில் கேட்டால் பட்டையாக வெட்டியே கொடுப்பார்கள். நேராகத் தோலில் ஒட்ட வேண்டாம், வேர்வையில் கழன்றுவிடும். மச்சான் முதலில் அப்படித்தான் ஒட்டிக்கொண்டார். பிய்க்கும்போது கால் முடியும் சேர்ந்து வந்தது, அந்தச் சத்தத்தை எடிட்டிங்கில் எடுத்துவிட்டேன்.