தீர்ப்பைப் பார்ப்பவரிடம் விடுவதே நேர்மை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மாணவனை வதைக்கும் குருவைக் காட்டும் படம், 'இது தவறு' என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டுமா, பார்ப்பவரிடம் விட்டுவிட வேண்டுமா? விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் அணி.

எதிரணித் தோழி, 2014இல் டேமியன் ஷசெல் இயக்கிய 'விப்லாஷ்' படத்தின் கடைசி டிரம்ஸ் வாசிப்பு எல்லாக் கொடுமைக்கும் வெள்ளையடித்துவிட்டது என்றார். அதே படத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

நியூயார்க் இசைக்கல்லூரியில் ஜாஸ் குழுவை நடத்துபவர் ஃப்ளெச்சர். டிரம்ஸ் வாசிக்கும் புது மாணவன் ஆண்ட்ரூவைத் தனியே நிறுத்தி அப்பா, அம்மா பற்றிக் கனிவாக விசாரிக்கிறார். பையன் மலர்ந்துபோகிறான், நாமும்தான். கொஞ்ச நேரத்தில் அவன்மேல் நாற்காலி பறக்கிறது. தாளத்தை எண்ணச் சொல்லி, நான்காவது எண்ணுக்கு ஒரு அறை. தாளத்தில் முந்தினாயா, பிந்தினாயா என்று கேள்வி. அப்புறம், அம்மா விட்டுப்போனதை அத்தனை பேர் நடுவில் சொல்லிக் குத்துகிறார். நம்பிச் சொன்னதே ஆயுதமாகிறது. முதல் காட்சியிலேயே அவரை அரக்கன் என்று முத்திரை குத்தியிருந்தால், இப்படிப்பட்டவரிடம் பிள்ளைகள் ஏன் ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது நமக்குப் புரிந்திருக்குமா?

இன்னொரு காட்சி. பழைய மாணவன் ஷான் கேசி கார் விபத்தில் இறந்துவிட்டான் என்று குழுவின் முன் ஃப்ளெச்சர் கண்ணீர் விடுகிறார். அவன் தூக்குப் போட்டுக்கொண்டான் என்பதும், அவரிடம் படித்த காலத்தில்தான் அவனுக்கு மனச்சோர்வு தொடங்கியது என்பதும் பின்னால் ஒரு வழக்கறிஞர் வாயிலாக வருகிறது. அந்தக் கண்ணீர் உண்மை, அவர் சொன்னது பொய். இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்கின்றன. உண்மையான கொடுமைக்காரர்களும் இப்படித்தான் இருக்கிறார்கள், நடுவர் அவர்களே!

தன் முறைக்கு அவர் காட்டும் சான்றையும் பாருங்கள். பின்னாளில் ஜாஸ் உலகில் புகழ்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் இளைஞராக இருந்தபோது, அவர் தலையைக் குறிவைத்து டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் சிம்பலை, அதாவது டிரம்ஸின் உலோகத் தட்டை, வீசினாராம், அதனால்தான் ஒரு மேதை பிறந்தானாம். 1930களில் கான்சாஸ் சிட்டியில் நடந்ததாக இசை வரலாற்றில் சொல்லப்படுவது வேறு: சிம்பல் விழுந்தது பார்க்கரின் காலடியில். அவமானம் உண்மை, கொலைவெறி இல்லை. அந்தப் பார்க்கர் 1955இல், 34 வயதில், போதைப்பழக்கத்தால் உடல் சிதைந்து இறந்தார். ஆண்ட்ரூவோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, 34இல் செத்தாலும் பெயர் நிலைத்தால் போதும் என்கிறான். குருவின் நஞ்சு பையனின் வாய்க்கே வந்துவிட்டது. படம் இதற்கு விளக்கவுரை சொல்லவில்லை. கூர்ந்து பார்ப்பவருக்கு அது தேவையும் இல்லை.

சரி, கடைசிக் காட்சிக்கு வருகிறேன். ஆண்ட்ரூவின் அந்த வாசிப்பில் நானும் சிலிர்த்தேன். அந்தச் சிலிர்ப்புதான் எனக்குப் பயம் தந்தது. இத்தனை அடியையும் பார்த்த பிறகும் என் மனம் ஃப்ளெச்சரின் சிரிப்புக்கு ஏங்கியதே! கதவிடுக்கில் தெரியும் ஆண்ட்ரூவுடைய அப்பாவின் முகத்தில் பெருமை மட்டுமா இருக்கிறது? கடைசித் தாளத்தோடு திரை இருண்டுவிடுகிறது. அரங்கின் கைதட்டல் படத்தில் இல்லை. எதிரணித் தோழி அந்தக் கைதட்டலை எங்கே கேட்டார் என்பதை அவர்தான் அவைக்குச் சொல்ல வேண்டும்.